கொஞ்ச நாளைக்குக் கூட்டல் மட்டும்

பெரும்போக அறுவடை முடிகிற நேரத்தில் எங்கள் பக்கம் பூசணிக்காய் வரத் தொடங்கும். மேற்கே வயல்வெளி முடிந்து காடு தொடங்குகிற மேட்டு நிலங்களில் விளைந்ததை லொறியிலும் உழவு இயந்திரத்திலும் ஏற்றி வந்து, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பெருந்தெருவின் ஓரமெல்லாம் குவித்துவிடுவார்கள். பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் அந்தக் குவியல்களைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நான் தரம் மூன்றின் வகுப்பாசிரியை. அந்த மாதம் முழுக்க என் வகுப்பில் கணக்கு என்றால் அது பூசணிக்காய்தான்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாடநூலில் அப்பிளும் திராட்சையும் படமாக இருந்தன. பிள்ளைகள் அவற்றை எண்ணுவார்கள், விடையும் சரியாக வரும், மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. ஒரு வருடம் என் கணவர் வீட்டுக்கு வாங்கி வந்த காயொன்றை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மேசையில் வைத்துவிட்டு, இதைச் சுற்றிக் கயிறு கட்டினால் அந்தக் கயிறு எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டேன். பிள்ளைகள் கைகளை விரித்துக் காட்டினார்கள். ஒருவன் வாசல் வரைக்கும் வரும் என்றான். கயிற்றைச் சுற்றி எடுத்து, நிலத்தில் நீட்டி, அடிமட்டத்தால் அளந்தபோது வகுப்பே என் தலைக்கு மேலே குனிந்து நின்றது. மூச்சுக் காற்று பிடரியில் பட்டது. அதற்குப் பிறகு நான் அந்த முறையை விடவில்லை.

முதலில் சுற்றளவு, பிறகு நிறை. அதற்குப் பிறகு காயை வெட்டுவோம். பாதி, காற்பங்கு, அரைக்காற்பங்கு எல்லாம் கத்தியின் கீழே தானாக விளங்கிவிடும். கடைசியில் விதைகள். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் உள்ளே எத்தனை விதை இருக்கும் என்று ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். கரும்பலகையில் அதை எழுதிவைப்பேன். பிறகு வழுவழுப்பான அந்த விதைகளைக் கழுவி, பத்துப் பத்தாகக் கூறு வைத்து, பத்துக் கூறுகளைச் சேர்த்து நூறாக்கி எண்ணுவோம். சதையைப் பகல் சாப்பாடு சமைக்கும் தாய்மாரிடம் கொடுத்துவிடுவோம். வகுப்பில் இரண்டு நாளைக்குப் பச்சை மணம் போகாது.

நான் சொல்ல வந்தது ஒரு பெண்பிள்ளையைப் பற்றி. சில வருடங்களுக்கு முன்னால் என் வகுப்பில் இருந்தவள். யன்னலோரம் இருப்பாள். அதிகம் கதைக்கமாட்டாள். கணக்கில் கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது, மோசமும் இல்லை. எழுதும்போது நாக்கின் நுனி உதட்டோரம் வந்து நிற்கும். அவளுடைய வாப்பா மேட்டு நிலத்தில் குத்தகைக்குப் பூசணி செய்கிறவர். அந்த வருடம் பூசணிப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள் மோட்டார் சைக்கிளின் பின்னால் உரப்பையைக் கட்டிக்கொண்டு அவரே பாடசாலைக்கு வந்தார். பைக்குள் மூன்று காய்கள் இருந்தன.

"மகள் சொன்னா டீச்சர், நீங்க கடையில வாங்கிட்டு வாறயாம். எங்கட தோட்டத்துல இவ்வளவு கிடக்கக்க நீங்க என்னத்துக்கு கடைக்குப் போற?" என்றார்.

அவரை உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். கூச்சப்பட்டார். பிள்ளைகள் கூப்பிட்டதும் வந்து, சின்ன வாங்கில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துகொண்டார். அன்று விதைக்கு எண் சொல்லும் நாள். பிள்ளைகள் நூறு என்றும் ஐம்பது என்றும் சொன்னார்கள். மகள் முந்நூறு என்றாள். அவரிடமும் கேட்டேன்.

"ஆயிரம் இரிக்கும்," என்றார் கொஞ்சமும் யோசிக்காமல்.

எண்ணினோம். நானூறுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அவர் எழுந்து வந்து கூறுகளை ஒருதரம் பார்த்தார். நம்பமுடியாதவர் போலச் சிரித்தார். "நான் இத்தின வருசமா இதச் செய்றன், ஒருக்காலும் எண்ணிப் பாத்தல்ல," என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தப் பிள்ளை சத்தம் வரச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

இரண்டு கிழமைக்குள் அவர் மௌத்தாகிவிட்டார்.

காய் முற்றுகிற காலத்தில் யானைகள் காட்டைவிட்டு இறங்கும். தோட்டக்காரர்கள் இரவில் அங்கேயே சின்னக் குடிலாக வாடி அடித்துக் காவலிருப்பார்கள். அன்றும் அவர் காவலிருந்திருக்கிறார். யானை வெடி போட்டுத் துரத்தியதில் கூட்டம் திரும்பிப் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார்கள். விடிகிற நேரம் சுபஹு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்க வாய்க்காலுக்கு இறங்கியிருக்கிறார். ஒற்றை யானை ஒன்று பற்றைக்குப் பின்னால் நின்றிருக்கிறது. கூட இருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடிப் போனபோது எல்லாம் முடிந்துவிட்டது. இப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை அடக்கக் கொண்டுபோனார்கள். நாங்கள் ஆசிரியைகள் நாலு பேர் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தப் பிள்ளை பெண்களுக்கு நடுவே, தலையில் துணி போட்டபடி, யாருடைய மடியிலும் சாயாமல் நேராக உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பாடசாலை அதிபர் என் வகுப்புக்கு வந்தார். யன்னல் பக்கப் பலகைத் தட்டில் அந்தப் பிள்ளையின் வாப்பா கொண்டுவந்த காய்களில் இரண்டு இன்னும் வெட்டாமல் இருந்தன. சுவரில் கயிறுகள் தொங்கின.

"டீச்சர், அந்தப் பிள்ள வாறத்துக்குள்ள இதுகள எடுத்துருங்க. பாக்கக் கூடா," என்றார்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. காய்களைத் தாய்மாரிடம் கொடுத்தேன். அவர்களுக்கும் விசயம் தெரியும். ஒருவர் கத்தியை எடுத்துவிட்டு, வெட்டாமல் கொஞ்ச நேரம் காயையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறுகளைக் கழற்றினேன். கரும்பலகையின் மூலையில் அந்த ஆயிரம் இன்னும் அழியாமல் இருந்தது. அதையும் அழித்தேன். மற்றப் பிள்ளைகளிடம் யானையைப் பற்றியோ பூசணியைப் பற்றியோ கதைக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

அவள் திரும்பி வந்த அன்று தட்டைப் பார்த்தாள். வெறும் தட்டு. பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்து கொப்பியை விரித்தாள். பிள்ளைகள் நான் சொன்னதை அளவுக்கு மேலே கேட்டுக்கொண்டார்கள். அவளைக் கண்டால் கதையை நிறுத்தினார்கள். அழிறப்பரும் வர்ணப் பென்சிலும் கேளாமலே கொடுத்தார்கள். அவள் எல்லாவற்றையும் வாங்கி மேசையில் வரிசையாக வைத்தாள்.

பூசணியை நிறுத்திவிட்டுப் பாடநூலுக்குத் திரும்பினோம். ஒரு நாள் கூட்டலும் கழித்தலும் கலந்து கொடுத்தேன். கொப்பிகளைத் திருத்தும்போது அவளுடையது கைக்கு வந்தது. கூட்டல் எல்லாம் சரி. பதினைந்திலிருந்து ஆறைக் கழிக்கச் சொன்ன இடத்தில் பதினைந்து என்று எழுதியிருந்தாள். இருபத்திரண்டிலிருந்து எட்டு என்ற இடத்தில் இருபத்திரண்டு. கழித்தல் ஒவ்வொன்றிலும் மேலே இருந்த எண்ணை அப்படியே கீழே இறக்கி வைத்திருந்தாள். எழுத்து சுத்தமாக இருந்தது. அவசரத்தில் எழுதியது அல்ல.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன்.

"இது என்ன மகள்? பதினஞ்சில ஆற எடுத்தா எத்தின மிஞ்சும்?"

கொப்பியைப் பார்த்தாள். "எடுக்கல்ல டீச்சர்," என்றாள்.

"ஆரு எடுக்கல்ல?"

"நான் எடுக்கல்ல. அப்பிடியே கிடக்கட்டும்."

சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை. கொப்பியை மூடி அவளிடம் கொடுத்தேன்.

அன்று வீட்டில் பாடநூலை எடுத்துக் கழித்தல் பக்கங்களைப் புரட்டினேன். மரத்தில் எட்டுப் பறவைகள் இருந்தன, மூன்று பறந்து போயின. பஸ்ஸில் இருபது பேர் இருந்தார்கள், ஐந்து பேர் இறங்கிப் போனார்கள். வகுப்பில் இருந்த பிள்ளைகளில் சிலர் வீட்டுக்குப் போனார்கள். மிகுதி எத்தனை? எத்தனையோ வருடமாக இதையேதான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் யாரோ போய்க்கொண்டே இருக்கிறார்கள், இருக்கிறவர்களை எண்ணிச் சொல்லும்படி நாங்கள் பிள்ளைகளைக் கேட்கிறோம். அது வரைக்கும் என் கண்ணில் படாத விசயம் அது.

நோன்பு விடுமுறைக்கு முன்னால் அவளுடைய உம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் வெளியே போகாமல் வீட்டிலிருக்கும் காலம் அது. பெண் என்பதால் எனக்கு உள்ளே போகத் தடையில்லை. மாமி ஒருவர் கதவைத் திறந்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார். போகும் வழியில் முற்றத்தில் பூசணிக்காய்கள் கிடந்தன. தோட்டத்தில் அப்படியே விட மனமில்லாமல் மௌத்தானவரின் தம்பி போய்ப் பறித்து ஏற்றி வந்திருக்கிறார். வியாபாரிகள் எடுத்ததுபோக மிஞ்சியவை அவை. சிலது வெயிலில் ஒரு பக்கம் வெளிறிப் போயிருந்தன.

உம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. வெள்ளைத் துணியில் இன்னும் சிறியவராகத் தெரிந்தார். பாயில் எனக்கு இடம் ஒதுக்கினார். கொஞ்ச நேரம் மௌத்தானவரைப் பற்றியே கதைத்தோம். பிறகு நான் கழித்தலைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. இவ்வளவு பெரிய துக்கத்துக்குள் ஒரு சின்னக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேனே என்று நினைத்தேன். ஆனால் அவர் அதைச் சின்ன விசயமாக எடுக்கவில்லை. குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டிலயும் அப்பிடித்தான் டீச்சர்," என்றார். "வாப்பாட செருப்ப வாசல்ல இருந்து எடுக்க உடுறாவில்ல. மாமி எடுத்து உள்ளுக்கு வெச்சா. மறுகா போய்ப் பாத்தா திரும்பவும் வாசல்ல கிடக்கு."

"நான் என்ன செய்ய? படிப்பிக்காம உட ஏலா. எண்டாலும் அவவப் போட்டு நெருக்கவும் மனமில்ல," என்றேன்.

விரலால் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கழித்தல் எங்க போகப் போகுது டீச்சர்," என்றார் கடைசியில். "அது தன்பாட்டுல வரும். கொஞ்ச நாளைக்கு அவவுக்குக் கூட்டல் மட்டும் குடுங்க."

ஓம் என்றேன்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியபோது அப்படியே செய்தேன். மற்றப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கொடுக்கும் நாளில் அவளுடைய கொப்பியில் கூட்டல் எழுதிக் கொடுப்பேன். மற்றவர்களுக்கு வித்தியாசம் தெரியாதபடி பக்கத்தின் தொடக்கத்தில் நானே எழுதிவிடுவேன். மூன்று இலக்க எண்கள், நான்கு எண்களைச் சேர்த்துக் கூட்டுவது என்று மேலே மேலே போனாள். கூட்டலில் வகுப்பிலேயே அவள்தான் முதல் என்று ஆகிவிட்டது. எண்கள் பெருகப் பெருக அவள் முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி வரும். நான் செய்வது சரிதானா என்ற சந்தேகம் மட்டும் எனக்குப் போகவில்லை.

அந்தச் சமயத்தில் ஆசிரிய ஆலோசகர் வகுப்புப் பார்க்க வந்தார். வயதான, பொறுமையான மனிதர். வரிசையாகக் கொப்பிகளைப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவளுடையதில் நின்றார். பக்கங்களைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். என்னை வெளியே விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு ஏன் டீச்சர் கழித்தலே இல்ல?"

சொன்னேன். யானையையும் சொன்னேன், உம்மா கேட்டதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம். எனக்கு விளங்குது," என்றார். "எண்டாலும் பிள்ளைய இப்பிடி ஒளிச்சு வெச்சிக்கிட்டு இரிக்க ஏலா டீச்சர். அடுத்த வகுப்புல ஆரு இதப் பாக்கப் போறா? இண்டைக்கு நீங்க தடவிக் குடுக்கிறது நாளைக்கு அவவுக்குப் பாரமாப் போகும்."

"இன்னம் கொஞ்ச நாள் தாங்க சேர்," என்றேன்.

அவர் என்னை எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. மேற்பார்வைக் குறிப்பிலும் அதைப் போடவில்லை. ஆனால் படியிறங்கும்போது ஒருதரம் திரும்பி யன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பிழை இருக்கவில்லை. அதுதான் என்னை அரித்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரிடம் மனதுக்குள் வாதாடிக்கொண்டே போனேன். என் பக்கம் வெல்லவில்லை.

தெருவோரக் குவியல்கள் எல்லாம் முடிந்துபோய்ச் சோளமும் தர்ப்பூசணியும் வந்துவிட்ட காலம். ஒரு காலையில் அந்தப் பிள்ளையின் சாச்சா, மௌத்தானவரின் தம்பி, பாடசாலை வாசலில் நின்றார். கையில் ஒரு பூசணிக்காய். அவருக்குப் பக்கத்தில் அவள்.

"ராத்தா குடுத்தனுப்பின. கட்டிலுக்குக் கீழ வெச்சிருந்த. கெட்டுப் போகப் பாக்குதாம். வகுப்புல வெட்டச் சொன்னா," என்றார், பிள்ளையின் உம்மாவைச் சொல்லி.

நான் அவளைப் பார்த்தேன். "வெட்டுவமா மகள்?"

"ஓம்," என்றாள். அவ்வளவுதான்.

பிள்ளைகள் முதலில் அமைதியாக இருந்தார்கள். நான் முன்பு விதித்த தடை அவர்களுக்கு இன்னும் நினைவிருந்தது. எண் சொல்லச் சொன்னபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் கேட்பதை விட்டுவிட்டுக் காயை வெட்டினேன். உள்ளே நல்ல மஞ்சளாக இருந்தது. நாளானதால் நார் கொஞ்சம் தளர்ந்து போயிருந்தது. விதைகளை வழித்து எடுத்து நீரில் கழுவி, பழைய பத்திரிகையில் பரப்பினோம். பத்துப் பத்தாகக் கூறு வைக்கத் தொடங்கியதும் மெல்ல மெல்லக் கதை வந்தது. வகுப்பு பழையபடி சத்தம் போட்டது. எல்லாக் கூறும் சேர்த்து முந்நூற்று அறுபது வந்தது. கரும்பலகையில் எழுதினேன்.

அவள் தன் முன்னால் இருந்த கூறில் ஒரு விதையை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அமத்திப் பார்த்தாள். அதை ஓரமாக வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு பக்கத்துப் பிள்ளையின் கூறையும் இழுத்துக்கொண்டாள்.

"என்ன செய்றீங்க?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ள ஒண்டுமில்ல டீச்சர். சப்பை. வாப்பா இதுகளப் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் பைக்குள்ள போடுற. நட்டா முளைக்கா."

அவள் வாப்பா என்று சொன்னதும் வகுப்பு நின்றுவிட்டது. அவள் மட்டும் நிறுத்தவில்லை. மேசை மேசையாகப் போனாள். எப்படி அமத்துவது என்று காட்டிக் கொடுத்தாள். பிள்ளைகள் விதைகளை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லாதவை ஒரு பேப்பரில் சேர்ந்தன. அவள் அவற்றை எண்ணினாள். நாற்பத்தேழு.

"அப்ப அந்த முந்நூத்தி அறுவது பிழை டீச்சர்," என்றாள். "இதக் கழிக்கணும்."

வெண்கட்டியை அவளிடம் நீட்டினேன். கரும்பலகைக்கு எட்டிப் பிடித்து, முந்நூற்று அறுபதின் கீழே நாற்பத்தேழை எழுதிக் கோடு கீறினாள். ஒன்றின் இடத்தில் பூச்சியம் இருந்ததால் பத்தில் ஒன்றைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதை அவளுக்கு நான் அந்த வருடம் படிப்பிக்கவில்லை. மற்றவர்களுக்குப் படிப்பிக்கும்போது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் போல. நாக்கு நுனி உதட்டோரம் வந்தது. முந்நூற்றுப் பதின்மூன்று என்று எழுதிவிட்டு, கையிலிருந்த தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். நான் அவளைப் பாராட்டவில்லை. பாராட்டினால் அழுதிருப்பாள், அல்லது நான் அழுதிருப்பேன்.

சில கிழமை கழித்து உம்மாவின் இத்தா முடிந்தது. பாடசாலை விட்டதும் மகளைக் கூட்டிப்போக அவரே வந்தார். வாசல் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"நல்லம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "செருப்பு இன்னம் வாசல்லதான் கிடக்கு டீச்சர்," என்றார். பிறகு மகளின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்தக் குத்தகைக் காணியை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உம்மா இப்போது வீட்டிலிருந்து பாடசாலைச் சீருடை தைக்கிறார். பிள்ளை மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். பெற்றார் கூட்டத்தில் உம்மாவைக் கண்டால் அவளுடைய புள்ளிகளைப் பற்றித்தான் கதைப்போம். கணக்கில் இப்போதும் நடுத்தரம்தான். அதில் எங்கள் இருவருக்கும் குறையில்லை.

என் வகுப்பில் பூசணி மாதம் நிற்கவில்லை. ஆனால் கழித்தலை நான் தொடங்குகிற விதம் மாறிவிட்டது. பறவைகளையும் பஸ்ஸையும் பிறகுதான் எடுக்கிறேன். முதலில் ஒரு பெரிய காயையும் ஒரு சின்னக் காயையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பேன். இரண்டையும் சுற்றிக் கயிறு எடுப்போம். இரண்டு கயிறுகளையும் நிலத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நீட்டிவிட்டு, இது அதைவிட எவ்வளவு கூட என்று கேட்பேன். பிள்ளைகள் குனிந்து, கூடிய துண்டை மட்டும் அளந்து சொல்வார்கள். விடை வந்துவிடும். அதற்காக யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை. இரண்டு காய்களும் மேசையிலேயே இருக்கும்.